எண் பொறித்த தகடும் ஓடாத காரும்: போர்ஷே நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: போர்ஷே நிறுவனத்தின் நிர்வாகக் குழுவினர், ஸ்டுட்கார்ட், ஜிடி கார்ப் பிரிவினர், வைஸாக்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். எண்ணிக்கையை வரையறுத்து நீங்கள் விற்கும், 911 என்ற பெயர் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்கள், சாவி கைக்கு வந்த சில வாரங்களிலேயே பட்டியல் விலையை விட மிக அதிகமான விலைக்குக் கைமாறுவது பற்றியே இம்மடல். வாங்கிய கையோடு விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆயினும் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் பிழைப்பது தாங்கள் உண்டாக்காத ஒரு தட்டுப்பாட்டை வைத்துத்தான். எத்தனை கார் செய்வது என்பதை முடிவு செய்பவர்கள் நீங்கள்; அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்பவர்கள் நீங்களும் உங்கள் டீலர்களும். இந்த இரண்டு முடிவுகளையும் நீங்கள் வேறு விதமாக எடுத்திருந்தால், இந்தக் கைமாற்று வணிகத்துக்குப் பெரும்பாலும் இடமே இருந்திராது.

இது உங்களுக்குப் புதிய செய்தியல்ல என்பதை அறிவேன். 2013இல் வந்த, 911இன் பந்தயத் தட வகையான ஜிடி3 காரைத் தானியங்கி பிடிகே கியர்ப்பெட்டியுடன் மட்டுமே விற்றீர்கள். பந்தயத் தடத்தில் நேரத்தைக் குறைக்க அதுவே சிறந்தது என்பது உங்கள் பொறியாளர்களின் கணிப்பு. அந்தக் கணிப்பில் பிழை இல்லை. ஆனால் மலைப்பாதையில் இடது காலால் கிளட்சை மிதித்து, கையால் கியரை மாற்றி ஓட்டுவதற்காகவே இந்தக் காரை விரும்பிய ஒரு பெருங்கூட்டம் அன்று வாசலுக்கு வெளியே நின்றது. அந்தக் கூட்டத்துக்கு மறுமொழியாகத்தான் 2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 911 ஆர் வந்தது. ஜிடி3 ஆர்எஸ் காரின் 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன் எஞ்சின், ஆறு வேக மேனுவல் கியர்ப்பெட்டி, மெக்னீசியக் கூரை, கார்பன் இழையால் ஆன முன்மூடி, பின்னால் பெரிய இறக்கை கிடையாது, எடை 1,370 கிலோ. 1967இல் சுமார் 20 மட்டுமே செய்யப்பட்ட, போட்டிகளுக்கான பழைய 911 ஆர் காரின் பெயரை அதற்குச் சூட்டினீர்கள். ஓட்டுநருக்காகவே செய்த கார் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அதைச் செய்த எண்ணிக்கை 991. அந்தத் தலைமுறை 911இன் உட்பெயர் 991 என்பதைத் தவிர இந்த எண்ணுக்கு வேறு காரணம் இல்லை. இந்த 991 கார்களையும் வாங்குவதற்கான முதல் உரிமையை, உங்கள் மிக விலையுயர்ந்த காரான 918 ஸ்பைடரை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தீர்கள். 918 ஸ்பைடர் மொத்தம் செய்யப்பட்டது 918 கார்கள். ஆகவே, பொதுமக்கள் முன் திரை விலகியபோதே பெரும்பாலான கார்களுக்கு ஆள் குறிக்கப்பட்டாகிவிட்டது. ஏழெட்டு ஆண்டுகள் பழைய ஜிடி3 ஒன்றை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் அதை ஓட்டி, தேய்ந்த டயரை மாற்றி, மீண்டும் ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அதில் ஓர் இருக்கையும் மிஞ்சவில்லை.

அதன் பின் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். ஜெர்மனியில் 1,89,544 யூரோவும் அமெரிக்காவில் 1,84,900 டாலரும் பட்டியல் விலையாக இருந்த ஒரு கார், சில மாதங்களுக்குள் அதைப் போல் பல மடங்கு விலைக்கு விளம்பரங்களில் வரத் தொடங்கியது. ஒரு மில்லியன் டாலர் கேட்டவர்களும் இருந்தார்கள். கார் வந்து சேரும் முன்பே, முன்பதிவில் கிடைத்த இடத்தை மட்டும் விற்க முயன்றவர்களும் இருந்தார்கள். எஞ்சினும் சக்கரமும் இன்னும் ஒன்றுசேராத நிலையில் ஒரு காரின் மீது இரண்டு பேர் லாபம் பார்த்துவிட முடிந்தது.

அந்தக் கார்களில் ஒன்றை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு பழைய கார் விற்பனையகத்தில் கிடைத்தது. கார்பன் இருக்கையின் நடுவே, கறுப்பு வெள்ளைக் கட்டங்களிட்ட பெபிட்டா துணி. அதன் மேல் தொழிற்சாலை போர்த்தி அனுப்பிய கண்ணாடித்தாள் உறை அப்படியே இருந்தது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதிலாக வைத்திருந்த துணிப்பட்டையில் ஒரு விரல் இழுத்த சுருக்கம்கூட இல்லை. பயணி இருக்கைக்கு எதிரே அலுமினியத் தகட்டில் காரின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது. ஓடோமீட்டர் ஐம்பது கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. விற்பனையாளர் எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் முதலில் காட்டியது அந்தத் தகட்டை. அடுத்துக் காட்டியது ஓடோமீட்டரை. எஞ்சினை இயக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தேவையில்லாமல் இயக்குவதைக் காரின் உரிமையாளர் விரும்பமாட்டார் என்றார். ஒற்றைத் திண்ம ஃபிளைவீல் (எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் சக்கரம்) பொருத்திய 911 ஆர் நியூட்ரலில் நிற்கும்போது ஒருவிதமாகக் கடகடக்கும். கிளட்சை மிதித்தால் அந்த ஒலி அடங்கிவிடும். இதைக் கேட்டு ரசித்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அந்தக் கார் எனக்கு முன்னால் ஓசையில்லாமல் நின்றது.

விலை ஏறிய காருக்கு என்ன நேர்கிறது என்பதை உங்கள் பொறியாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியல் விலையில் வாங்கியவர் ஓட்டுவதற்காகவே வாங்கியிருந்தாலும், சந்தையில் அதன் விலை மும்மடங்கு ஆனவுடன், ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருக்குச் செலவாகத் தெரிகிறது. காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது. மழையில் எடுக்கத் தயக்கம். கல் தெறிக்கும் சாலையில் எடுக்கத் தயக்கம். பிறகு எடுப்பதற்கே தயக்கம். இரண்டாம் கையாக வாங்குபவரின் நிலை இதைவிட மோசம். மூன்று மடங்கு கொடுத்து வாங்கியவர் அதில் 5,000 கிலோமீட்டர் ஓட்டினால், கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் தெருவில் தேய்த்துவிட்டதாகவே சந்தை அவரிடம் சொல்லும். ஆகவே கார் கொட்டகையில் நிற்கிறது. நிற்கும் கார் கெடாமலும் இருப்பதில்லை: ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகிறது, ரப்பர் அடைப்புகள் காய்ந்து எண்ணெய் கசிகிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது. நிமிடத்துக்கு 8,000க்கு மேல் சுழல்வதற்காக வடிவமைத்த எஞ்சின் வெதுவெதுப்பான அறையில் மின்னூட்டியோடு கட்டிவைக்கப்படுகிறது.

இதற்கு மருந்து என்ன என்பதையும் நீங்களே ஒருமுறை காட்டிவிட்டீர்கள். 2017 மார்ச்சில் புதுப்பித்து வந்த ஜிடி3 காரில் மேனுவல் கியர்ப்பெட்டியை விருப்பத் தேர்வாகத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் டூரிங் தொகுப்பை அறிவித்தீர்கள். நிலையான பின்னிறக்கை இல்லை, மேனுவல் கியர் மட்டும், அதே 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. எடை 911 ஆர் காரைவிடச் சுமார் 40 கிலோ அதிகம். அந்த 40 கிலோவைச் சாலையில் உணரக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்த அறிவிப்புக்குப் பிறகு 911 ஆர் விலை உச்சத்திலிருந்து கணிசமாக இறங்கியது. சட்டமோ நீதிமன்றமோ கண்காணிப்போ தேவைப்படவில்லை. அதே அனுபவத்தைத் தரும் இன்னொரு காரை, கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும்படி செய்ததே போதுமானதாக இருந்தது. கைமாற்று வணிகம் பற்றிப் பத்து ஆண்டுகளாக நடக்கும் விவாதங்களில் இதைவிடத் தெளிவான சான்று வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் ஜிடி பிரிவின் தலைவர் ஆந்திரயாஸ் பிராய்னிங்கர் அந்த நாட்களிலேயே, இவை ஓட்டுவதற்கான கார்கள், பணம் பெருக்கக் காத்திருப்பவர்களுக்காகச் செய்யப்படுபவை அல்ல என்ற கருத்தில் வெளிப்படையாகப் பேசினார். அவருடைய மனமும் வாடிக்கையாளர்களாகிய எங்கள் மனமும் ஒன்றே. எனவேதான் அதன் பின் வந்த அறிவிப்புகள் எங்களை வருத்தின. 2019இல் ஸ்பீட்ஸ்டர் வந்தது: மேனுவல் கியர், திறந்த கூரை, 510 குதிரைத்திறன், எண்ணிக்கை 1,948. முதல் போர்ஷே கார் உருவான ஆண்டு 1948. 2022இல் ஸ்போர்ட் கிளாசிக், 1,250 கார்கள். டக்கார், 2,500 கார்கள். 2023இல் 911 எஸ்/டி, 1,963 கார்கள். 911 முதன்முதலில் காட்சிக்கு வந்த ஆண்டு 1963.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 991, 1,948, 1,963 ஆகிய இவற்றில் ஒன்றுகூடத் தொழிற்சாலையின் திறனிலிருந்து பிறந்த எண் அல்ல. மெக்னீசியம் இவ்வளவுதான் கிடைத்தது, கைத்தொழிலாளர்கள் இத்தனை பேர்தான் இருந்தார்கள், அதனால் இதற்கு மேல் செய்ய முடியவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம். 2023ஆம் ஆண்டில் மட்டும் நீங்கள் உலகெங்கும் ஒப்படைத்த கார்கள் 3,20,221. அவற்றில் 911 மட்டும் 50,146. அந்த ஆலையிலிருந்து எஸ்/டி காரை இரண்டாயிரத்துக்குப் பதில் நான்காயிரம் செய்ய முடியாது என்று எவரும் நம்பமாட்டார்கள். ஆண்டு நினைவாக ஓர் எண்ணைத் தேர்வது உங்கள் உரிமை. அந்த எண்தான் கைமாற்று வணிகரின் முழு மூலதனம் என்பதை அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது நீங்கள் மறந்துவிடக் கூடாது.

எஸ்/டி விற்பனையில் நீங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்தக் காரின் பட்டியல் விலை 2,90,000 டாலர். முதல் ஓராண்டுக்கு வாடிக்கையாளர் அதைக் குத்தகையாக மட்டுமே எடுக்க முடியும், ஆண்டு முடிந்த பின்தான் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்று விதித்தீர்கள். காரின் உரிமைப் பத்திரம் வாடிக்கையாளரின் பெயரில் இல்லாததால் அந்த ஓராண்டில் அவரால் விற்க இயலாது. எளிமையான, உறுதியான ஏற்பாடு. ஆனால் அதை அமெரிக்காவில் கொண்டுவந்தீர்கள். இங்கே ஐரோப்பாவில், 2,92,187 யூரோ கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த விதி இல்லை. ஒரே காருக்குக் கடலின் இரு கரைகளில் இரு வேறு நியாயம் இருந்தால், வணிகர் எந்தக் கரையில் கடை விரிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், ஓராண்டுக் குத்தகை விற்பனையைத் தள்ளிப்போடுகிறதே ஒழியத் தடுப்பதில்லை. பன்னிரண்டு மாதம் பொறுத்தால் இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்று தெரிந்தவர், காரைப் போர்த்தி வைத்துக்கொண்டு பொறுத்திருப்பார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பாரும் உண்டு. ஃபோர்டு நிறுவனத்தின் அனுபவம் இதற்கு விடை சொல்லும். சுமார் 4,50,000 டாலர் விலையுள்ள ஃபோர்டு ஜிடி காரின் முதல் 500 இடங்களுக்கு 2016இல் 6,506 பேர் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் காரை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதைக் கேட்டறிந்து தேர்ந்தெடுத்தார்கள்; இரண்டு ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று எழுதியும் வாங்கினார்கள். அப்படியும் மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா, கார் கைக்கு வந்த சில வாரங்களில் அதை விற்றுவிட்டார். 2017 இறுதியில் ஃபோர்டு அவர் மீது மிச்சிகனில் வழக்குத் தொடுத்தது. 2018இல் அவர் மன்னிப்புக் கேட்க, வெளியிடப்படாத ஒரு தொகை அறக்கொடையாகக் கொடுக்கப்பட்டு வழக்கு முடிந்தது. அது ஃபோர்டுக்கு வெற்றிதான். ஆனால் அதே 2018 மே மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் மீக்கம் ஏல நிறுவனம் இன்னொரு ஃபோர்டு ஜிடியை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அதைத் தடுக்கக் கோரிய ஃபோர்டின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏலத்துக்குக் கொண்டுவந்தவர் முதல் வாங்குநர் அல்லர். ஃபோர்டோடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத இரண்டாமவர். கட்டணங்களோடு சேர்த்து 18 இலட்சம் டாலருக்கு மேல் அந்தக் கார் விலை போனது. பட்டியல் விலைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. பிறகு அவ்வாண்டே இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. இரண்டு ஆண்டு முடியாத ஜிடி கார்களை ஃபோர்டின் ஒப்புதல் இல்லாமல் ஏலம் விடுவதில்லை என்று மீக்கம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பாடம் தெளிவானது. ஒப்பந்தம் முதல் கையைக் கட்டும். இரண்டாம் கையைக் கட்டாது.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்வெட் இசட்06 விற்பனையில், ஓராண்டு வைத்திருப்பவருக்கு வெகுமதிப் புள்ளிகள், அதற்குள் விற்றால் அடுத்தவருக்கு உத்தரவாதம் செல்லாது என்று இரு வழியிலும் முயன்றது. டொயோட்டா 2021இல் ஜப்பானில் லேண்ட் குரூசர் வாங்கியவர்களிடம் ஓராண்டு விற்பதில்லை என்று உறுதி வாங்கியது. இவை எல்லாம் அணைக்கு வெளியே மண்மூட்டை அடுக்கும் வேலைகள். உள்ளே நீர் நிரம்பும் வேகத்தை இவை எதுவும் குறைக்கவில்லை.

இனி ஒதுக்கீட்டைப் பற்றி. எங்களை மிகுதியாகப் புண்படுத்துவது இதுதான். திரையரங்க வாசலில் கள்ள விலைக்கு டிக்கெட் விற்பவரைப் பிடிக்க முடியாமல் போவதற்கு, டிக்கெட் வாங்கியவர் யார் என்பதே அரங்குக்குத் தெரியாது என்ற சாக்காவது உண்டு. உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒவ்வொரு எண்ணிட்ட காரும் யார் பெயரில், எந்த ஊரில், எந்த நிறத்தில், எந்தத் தையல் நூலோடு போகிறது என்பது கார் செய்யப்படும் முன்பே உங்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தே தேர்ந்தெடுத்தும், விளம்பரங்களில் உறை பிரிக்காத கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்றால், தேர்ந்தெடுக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

அந்த முறை எங்கும் எழுதி வைக்கப்பட்டதாக வாடிக்கையாளர்களாகிய எங்களுக்குத் தெரியவில்லை. நடைமுறையில் நாங்கள் காண்பது, முன்பு எத்தனை கார் வாங்கியிருக்கிறீர்கள் என்ற கேள்வி. எனக்கு நெருங்கிய ஒருவர், பதினைந்து ஆண்டுகளாக ஒரே 911இல் இரண்டு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர், ஒரு விற்பனையகத்தில் எண்ணிட்ட கார் ஒன்றைக் கேட்டார். முதலில் வேறு ஒன்றிரண்டு புதிய கார்களை வாங்கிக் கணக்கை வளர்த்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்பது அவருக்குக் கிடைத்த பதில். அவர் கேட்டது ஒரே ஒரு கார். அதுவும் ஓட்டித் தேய்ப்பதற்கு. வாங்கிய எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் பட்டியலின் முதலிடத்துக்கு யார் வருவார்? கொட்டகையில் ஏற்கெனவே எட்டோ பத்தோ கார் வைத்திருப்பவர்தான் வருவார். அந்தப் பத்தோடு பதினொன்றாகப் போகும் காரை ஓட்டுவதற்கு அவருக்குத்தான் நேரமும் தேவையும் எல்லோரையும் விடக் குறைவு. ஓட்டுநருக்காகச் செய்த காரை, ஓட்டுவதற்கு மிகக் குறைந்த காரணம் உள்ளவரிடம் முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுகோல் இது. அவர்களில் பலர் உண்மையான ஆர்வலர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அளவுகோல் அதைச் சோதிப்பதில்லை என்பதே என் வாதம்.

டீலர்களே பட்டியல் விலைக்கு மேல் வைத்து விற்பதும் இதனோடு சேர்ந்தது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்ணாடியில் ஒட்டப்படும் விலை, உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. டீலர் தனி வணிகர், அவர் விரும்பிய விலையைச் சொல்லலாம். அங்கே உங்கள் கைகள் பெரிதும் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை ஏற்கிறேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டம் பொதுவாகத் தடுப்பது, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்தபட்ச விலையையோ நிலையான விலையையோ டீலர் மீது சுமத்துவதைத்தான். இதற்கு மேல் விற்கக் கூடாது என்று உச்ச விலை விதிப்பதற்கு அது பொதுவாக இடம் தருகிறது. எண்ணிட்ட கார்களுக்கு மட்டுமாவது அப்படி ஓர் உச்ச விலையை வெளிப்படையாக அறிவிப்பதற்கு என்ன தடை?

போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மதிப்புக் கூட்டு வரி விதிகளில், நாடு விட்டு நாடு விற்கப்படும் கார் ஒன்று பயன்பாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாமலோ, 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாமலோ இருந்தால், அது புதிய வாகனமாகவே கொள்ளப்படும். வரிக்காக வகுத்த இந்த இலக்கணம் ஓட்டுநர்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்: 6,000 கிலோமீட்டர் ஓடாத காரை அதன் முதல் உரிமையாளர் உண்மையில் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்க எனக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. மனிதர்களுக்கு நோய் வரும், வேலை போகும், மணமுறிவு நேரும். அப்படிப்பட்டவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது அநியாயம். ஆகவே விற்கக் கூடாது என்று சொல்லாதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்தால் உங்களிடமே திருப்பிக் கொடுக்கட்டும். பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்துக்கு மட்டும் கழித்துக்கொண்டு அவருக்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்தக் காரைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு அதே கணக்கில் கொடுங்கள். துன்பத்தில் விற்பவருக்கு இழப்பில்லை. லாபத்துக்காக விற்பவருக்கு லாபமில்லை. உங்களிடம் கார் திரும்பி வருவதற்கான அந்த முதல் உரிமையை வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால், இரண்டாம் கைக்குக் கார் போகும் முன்னரே கதவு அடைபட்டுவிடும். ஃபோர்டு எதிர்கொண்ட சிக்கல் பெருமளவு நீங்கும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான் பெயரும் மதிப்பும் வளர்கின்றன, அந்த மதிப்புதான் அடுத்த காரை உருவாக்கப் பணம் தருகிறது என்று உங்கள் விற்பனைத் துறையினர் சொல்லக்கூடும். கணக்கைப் பாருங்கள். 1,89,544 யூரோவுக்கு நீங்கள் விற்ற காரை ஒருவர் மூன்று மடங்குக்கு விற்றால், அந்த உபரியில் ஒரு சென்ட்கூட வைஸாக் மையத்தின் சோதனைக்கூடத்துக்கு வருவதில்லை. அந்தக் காரை வடிவமைத்தவருக்கும் அதில் பங்கில்லை. சுஃபன்ஹவுசன் ஆலையில் அதன் பாகங்களை ஒன்றுசேர்த்தவருக்கும் பங்கில்லை. நீங்கள் செய்யாமல் விட்ட ஒவ்வொரு காருக்கும், அதை வாங்கத் துடித்த ஒரு வாடிக்கையாளர் கொடுக்க அணியமாக இருந்த பணம், இடைத்தரகரிடம் போய்ச் சேர்ந்தது. உங்கள் பங்குதாரர்களே இதைக் கேட்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோளைச் சொல்கிறேன். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காதீர்கள். காலத்துக்கு வரம்பு வையுங்கள். அடுத்த ஓட்டுநர் காரை அறிவிக்கும்போது, இன்ன தேதி தொடங்கி ஆறு மாதம் முன்பதிவு திறந்திருக்கும், அதற்குள் முன்பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும், ஆளுக்கு ஒன்று வீதம், செய்து தருவோம் என்று சொல்லுங்கள். ஒப்படைக்க மூன்று ஆண்டு ஆனாலும் காத்திருக்கிறோம். முன்பதிவு முடிந்த பிறகு எத்தனை கார் என்று எண்ணி, அந்த எண்ணைத் தகட்டில் பொறித்துக் கொடுங்கள். நினைவுத் தகட்டின் மீது எங்களுக்குப் பகை இல்லை. ஆலையின் திறன் உண்மையிலேயே இடம் தராத கார்களுக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு இருக்கட்டும். அவற்றுக்கான ஒதுக்கீட்டு விதிகளை எழுத்தில் வெளியிடுங்கள். வாங்கிய கார்களின் எண்ணிக்கைக்கு இணையாக ஓட்டிய கிலோமீட்டருக்கும் அதில் இடம் கொடுங்கள். அந்தக் கணக்கு உங்கள் பணிமனைப் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் வைத்த குத்தகை விதியை, அல்லது நான் மேலே சொன்ன திரும்பப் பெறும் விதியை, சட்டம் இடம் தரும் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்குங்கள்.

இது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. பாதி வழி வந்துவிட்டீர்கள். 2024 அக்டோபரில் புதிய ஜிடி3 காரையும் அதன் டூரிங் வடிவத்தையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தினீர்கள். டூரிங் காருக்கு எடைக்குறைப்புத் தொகுப்பு ஒன்றையும் வைத்தீர்கள். கார்பன் கூரை, மெக்னீசியச் சக்கரங்கள், எஸ்/டி காரிலிருந்து எடுத்த குட்டையான கியர்க்கோல் எல்லாம் அதில் உண்டு. எண்ணிட்ட காரில் கிடைத்துவந்த பொருள்களை எண்ணிடாத காரில் வைத்த அந்த முடிவை எடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. எஸ்/டி காரின் இலகுவான கிளட்சும் ஒற்றைத் திண்ம ஃபிளைவீலும் அதே வழியில் அடுத்து வர வேண்டும்.

அந்த ஜிடி3 கார்களுக்கும் டீலர்களின் காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதையும், அங்கும் பட்டியல் விலைக்கு மேல் கேட்கப்படுவதையும் நாங்கள் அறிவோம். அதற்கும் காரணம் ஒதுக்கீட்டு விதிகள் இருளில் இருப்பதுதான். எனவே அடுத்த எண்ணிட்ட 911 பற்றிய அறிவிப்பு எந்த நாளில் வந்தாலும், அது யாருக்கு, எந்த வரிசையில், எந்த நிபந்தனைகளோடு கொடுக்கப்படும் என்ற விதிகள் அதே நாளில், அதே அறிவிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வேண்டுகோளுக்கேனும் உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
911 ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர்